பிடிக்கிற மீன் பிடிக்காது, பிடித்த மீன் கிடைக்காது: பிரிட்டனின் ஐரோப்பியக் கோபம்

பென்னாகரம் ஆசிரியை கேட்டது:

வணக்கம். பென்னாகரம் வட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். சென்ற வாரம் ஐரோப்பிய ஒன்றியத்தைப் பற்றிய வகுப்பில், 2016 ஜூன் 15 அன்று லண்டன் தேம்ஸ் ஆற்றில் நாடாளுமன்றத்தை நோக்கி மீன்பிடிப் படகுகள் அணிவகுத்து வந்த படம் ஒன்றை மாணவர்களுக்குக் காட்டினேன். ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று கேட்டு வந்த படகுகள் அவை. எட்டு நாள் கழித்து, ஜூன் 23 அன்று நடந்த வாக்கெடுப்பில் 51.9 விழுக்காட்டினர் வெளியேறுவதற்கே வாக்களித்தார்கள். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் குடும்பத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்து, "அந்த நாட்டில் மீன்காரர்கள் அவ்வளவு பேர் இருக்கிறார்களா, டீச்சர்?" என்று கேட்டான். சுமார் 12,000 பேர்தான் என்றும், நாட்டின் மொத்த உற்பத்தியில் மீன்பிடித் தொழிலுக்கு ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை என்றும் சொன்னேன். "அப்புறம் எதற்கு இந்தப் படத்தைக் காட்டினீர்கள்?" என்று அவன் திருப்பிக் கேட்க, வகுப்பே சிரித்தது. எனக்கும் விடை தெரியவில்லை.

என் தங்கை மகன் ஹல் நகரில் செவிலியராகப் பணியாற்றுகிறான். அவனிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, இரண்டு செய்திகளைச் சொல்லிக் குழப்பத்தை இன்னும் கூட்டிவிட்டான். ஒரு காலத்தில் மீன்பிடித் துறைமுகமாகவே அறியப்பட்ட அந்த ஊரில், அவன் வழக்கமாகச் செல்லும் பொரித்த மீன் கடையின் கரும்பலகையில், "இன்றைய மீன்: நார்வே" என்று சுண்ணக்கட்டியால் எழுதியிருக்கிறதாம். இரண்டாவது, அவனுடைய பக்கத்து வீட்டு முதியவர் பற்றியது. இளமையில் ஐஸ்லாந்துக் கடலுக்குச் செல்லும் இழுவைக் கப்பலில் வேலை செய்தவர் அவர். ஐரோப்பாவே எங்கள் தொழிலைத் தின்றது என்று சந்தித்த நாள் முதல் சொல்லிக்கொண்டிருப்பவர். சென்ற கிறிஸ்துமஸுக்கு இவனை விருந்துக்கு அழைத்தபோது, மேசையில் அவர் பெருமையோடு எடுத்து வைத்தது ஸ்பெயின் நாட்டின் ரியோஹா ஒயின். ஸ்பானியப் படகுகளைத்தான் அவர் அதிகமாகத் திட்டுவாராம். மது அருந்தும் பழக்கம் இல்லாத இவன், ஆரஞ்சுச் சாற்றை வாங்கிக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டான்.

ஐரோப்பாவின் மீது அம்மக்களுக்கு உள்ள கோபம் உண்மையில் எதைப் பற்றியது? மீன் குறைந்ததற்கு ஐரோப்பாதான் காரணமா? அப்படியென்றால் ஒயினில் மட்டும் அந்தக் கோபம் ஏன் தெரிவதில்லை? அறிந்தவர்கள் விளக்கினால், அடுத்த வாரம் அந்த மாணவனுக்கு முறையாகப் பதில் சொல்வேன்.


கிருஷ்ணகிரி அணைக்கரையார் எழுதியது:

அம்மா, அந்த மாணவனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். மீன்வளத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து, கிருஷ்ணகிரி அணையில் மீன் குஞ்சு விட்டும் வலைக்கண் அளந்தும் ஓய்வு பெற்றவன் நான். வடகடலை நான் பார்த்ததில்லை என்றாலும், மீன் கணக்கு எல்லா நீரிலும் ஒன்றுதான்.

முதலில் உங்கள் தங்கை மகனின் பக்கத்து வீட்டுக்காரரை எடுத்துக்கொள்வோம். அவர் இழந்த கடலை ஐரோப்பிய ஒன்றியம் எடுக்கவில்லை. அதை எடுத்தது ஐஸ்லாந்து. அந்த நாடு இன்றுவரை ஒன்றியத்தில் உறுப்பினரே ஆகவில்லை. ஹல், கிரிம்ஸ்பி, ஃப்ளீட்வுட் ஆகிய துறைமுகங்களின் பெரிய கப்பல்கள் தங்கள் கரையோரத்தில் மீன் பிடித்து வாழ்ந்தவை அல்ல. வாரக்கணக்கில் வடக்கே பயணம் செய்து, ஐஸ்லாந்தைச் சுற்றியுள்ள குளிர்ந்த கடலில் காட் மீனை அள்ளி வந்தவை. மீனையே நம்பி வாழும் அந்தச் சிறு தீவு, தன் மீன்பிடி எல்லையை 1958-இல் 12 கடல் மைலாகவும், 1972-இல் 50 மைலாகவும், 1975-இல் 200 மைலாகவும் விரித்தது. ஒவ்வொரு முறையும் பிரிட்டன் தன் போர்க்கப்பல்களைத் துணைக்கு அனுப்பியது. ஐஸ்லாந்திடம் கடற்படை கிடையாது. கடலோரக் காவல் கப்பல்கள் சிலவே இருந்தன. அவை 1972 செப்டம்பரில் ஒரு புதிய கருவியைப் பயன்படுத்தின. நங்கூரம் போன்ற, கூர்மையான வெட்டும் பற்கள் கொண்ட இரும்புக் கொக்கியைக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் தாழ்த்தி, பிரிட்டிஷ் கப்பலின் பின்புறமாகக் குறுக்கே ஓட்டிச் செல்வார்கள். கப்பலுக்கும் அது இழுத்துச் செல்லும் மடி வலைக்கும் நடுவே நீருக்குள் ஓடும் கம்பி வடம் அறுந்து, வலையும் அதற்குள் இருந்த மீனும் கடலோடு போய்விடும். ஒரு தோட்டாகூடச் செலவில்லை. கூடவே, நேட்டோ படைத்தளமான கெஃப்லாவிக் தங்கள் மண்ணில் இருப்பதையும் ஐஸ்லாந்து நினைவூட்டிக்கொண்டே இருந்தது. 1976 ஜூன் முதல் நாள் பிரிட்டன் பணிந்தது. ஒரே நேரத்தில் 24 கப்பல்கள், அதுவும் 6 மாதத்திற்கு மட்டும் என்று ஒப்பந்தம். அதன் பிறகு ஒன்றுமில்லை.

இங்கே நமக்கு ஓர் ஊமைக் காயம் உண்டு. 1974-இலும் அதே 1976-இலும்தான் இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லை ஒப்பந்தங்களைச் செய்துகொண்டன. நம் மீனவர்கள் பிடிபடும் செய்தியைப் படிக்கும்போது நமக்கு வரும் கோபம்தான் ஹல் முதியவருக்கும் வருகிறது. அதே சமயம், அடிமட்டத்தைச் சுரண்டும் இழுவை மடி எங்கள் வாழ்வைக் கெடுக்கிறது என்று யாழ்ப்பாணத்து மீனவர் சொல்வதைக் கேட்டால், ஐஸ்லாந்துக்காரர் அன்று சொன்னதும் காதில் விழும்.

அந்த முதியவரைப் போன்றோரை அவர்களுடைய சொந்த அரசு எப்படி நடத்தியது என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பயணத்திற்கும் தனித்தனியாகக் கையெழுத்திட்டுக் கப்பல் ஏறியதால், அவர்கள் நிரந்தரப் பணியாளர்கள் அல்ல, தற்காலிகக் கூலிகள் என்று கூறி, வேலையிழப்பு ஈட்டுத்தொகையை மறுத்துவிட்டார்கள். ஐஸ்லாந்துக் கடலை இழந்தவர்களுக்கான இழப்பீட்டுத் திட்டம் வந்தது 2000-ஆம் ஆண்டில். இருபத்து நான்கு ஆண்டு தாமதம்! இதில் ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸுக்கு என்ன பங்கு?

சரி, சொந்தக் கரையோரத்து மீன் ஏன் குறைந்தது? அதற்கான விடை ஐரோப்பிய ஒன்றியம் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே தொடங்குகிறது. நீராவி இழுவைக் கப்பல்கள் 1880-களில் வந்தன. இங்கிலாந்து, வேல்ஸ் கரைகளில் இறக்கப்பட்ட மீனுக்கு 1889 முதல் கணக்கு இருக்கிறது. கப்பல்களின் இழுதிறனோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அன்று ஓர் அளவு திறனுக்குக் கிடைத்த மீனில் 94 விழுக்காடு இந்த நூற்றாண்டின் தொடக்கத்திற்குள் மறைந்துவிட்டது. பாய்மரப் படகு கண்ட மீனை, பத்து மடங்கு வலிமையான எஞ்சின் தேடிக்கொண்டு அலைகிறது. நம் மத்திக்கு உறவான ஹெர்ரிங் மீன் வடகடலில் அழியும் நிலைக்குப் போய், 1977-இல் அதைப் பிடிப்பதையே நிறுத்த நேர்ந்தது. மீனவர் எண்ணிக்கையும் அப்படித்தான்: 1938-இல் சுமார் 48,000 பேர். ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பிய சமூகத்தில் பிரிட்டன் சேர்ந்தது 1973-இல்; அதற்குள்ளாகவே அந்த எண்ணிக்கை பெரிதும் இறங்கியிருந்தது.

அணையில் எனக்குப் பழக்கமான காட்சி ஒன்று உண்டு. தங்கூசி வலையின் கண்ணை விரலால் விரித்து அளந்து பார்த்து, இது சட்டத்திற்கு ஆகாத அளவு என்று சொன்னால், கட்லாவும் ரோகுவும் கிடைக்காததற்குக் காரணம் எதிர்க்கரைக்காரன் என்று ஒருவர் சொல்வார். எதிர்க்கரைக்குப் போனால் இந்தக் கரையைக் கை காட்டுவார்கள். வலைக்குள் உள்ளங்கை அளவுகூட இல்லாத ஜிலேபிக் குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருக்கும்.

மற்றொன்று, அந்தக் கரும்பலகை. பிரிட்டிஷ் மக்கள் பெரிதும் உண்பவை காட், ஹாடாக், சால்மன், டூனா, இறால் ஆகிய ஐந்தே. பொரித்த மீன் கடைகளுக்கு வரும் காட் பெரும்பாலும் ஐஸ்லாந்திலிருந்தும் நார்வேயிலிருந்தும் வருகிறது. அவர்கள் கடலில் மிகுதியாகக் கிடைப்பவை நம் அயலைக்கு உறவான மேக்கரல், ஹெர்ரிங், நண்டு, லாங்குஸ்டீன் என்ற சிறு சிங்கி இறால் போன்றவை. இவற்றை அவர்கள் வீட்டில் அதிகம் சமைப்பதில்லை. பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் ஏற்றுமதி செய்கிறார்கள். தருமபுரிச் சந்தையில் பனிக்கட்டிப் பெட்டியில் வந்து இறங்கும் மத்தியை நாம் ஒரு மணி நேரத்தில் தீர்த்துவிடுவோம். அவர்களுக்கோ முள் உள்ள மீன் என்றாலே முகம் சுளிக்கும். ஆகவே அவர்கள் கோபித்துக்கொண்ட ஐரோப்பாதான் அவர்களுடைய மீனுக்கு முதன்மைச் சந்தையும். பிரிட்டன் வெளியேறிய பின் 2021 ஜனவரியில் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்ததும், முழுத் தூய்மைச் சான்று இல்லாத நீரில் எடுத்த உயிருள்ள சிப்பிகளை, சுத்திகரிக்காமல் ஒன்றியத்துக்குள் அனுப்ப முடியாமல் போயிற்று. வெளியேறினால் வாழ்வு வரும் என்று நம்பியவர்களில் சிலருடைய சிப்பிதான் முதலில் தேங்கியது.


ஓசூர் வாசகர் எழுதியது:

அணைக்கரையார் ஐயா மீனை முழுமையாகச் சொல்லிவிட்டார். ஒயின் பற்றி நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன். விடுதி மேலாண்மை படித்துவிட்டு, லண்டனில் ஒரு ஒயின் கடையில் ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தவன். நம் ஊர் 'ஒயின் ஷாப்'பில் ஒயினைத் தவிர மற்ற எல்லாம் இருக்கும் என்பதால், திரும்பி வந்தபோது என்ன வேலை பார்த்தேன் என்பதை அம்மாவுக்கு விளக்குவதற்கு மிகவும் சிரமப்பட்டேன்.

பிரிட்டனில் விற்கும் ஒயினில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வெளிநாட்டிலிருந்து வருவது. எனவே அந்நாட்டில் ஒயின் என்றாலே அது வெளியுறவுக் கொள்கைதான். 1152-இல் அக்விடேன் சீமாட்டி எலினோர், பின்னாளில் இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றியாக முடிசூடியவரை மணந்ததால், போர்தோ திராட்சைத் தோட்டங்கள் ஆங்கில மன்னரின் கைக்கு வந்து, மூன்று நூற்றாண்டுகள் அங்கேயே இருந்தன. 1453-இல் அந்த நிலம் பறிபோனது. போர்தோவின் சிவப்பு ஒயினுக்கு ஆங்கிலேயர் வைத்த 'கிளாரெட்' என்ற பெயரும் அதன் மீதான ஆசையும் போகவில்லை. பிறகு பிரான்ஸோடு பகை வந்தபோது, 1703-இல் போர்ச்சுகலோடு மெத்துவென் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். பிரெஞ்சு ஒயினுக்கு விதிக்கும் வரியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போர்ச்சுகல் ஒயினுக்கு விதிப்பதில்லை என்பது ஏற்பாடு. ஒரு தலைமுறையில் பெரிய மனிதர்களின் நாக்கு போர்ச்சுகலின் போர்ட் ஒயினுக்குப் பழகிவிட்டது. நாக்கு எதை விரும்ப வேண்டும் என்பதை வரிக்காரர் முடிவு செய்த கதை இது. 1860-இல் நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் பிரெஞ்சு ஒயின் மீதான வரியைக் குறைத்ததும் மீண்டும் பிரான்ஸ் பக்கம் திரும்பினார்கள்.

ஆனால் இதெல்லாம் மேல்தட்டு வீடுகளின் கதை. ஹல் துறைமுகத்தில் வேலை முடித்து வந்தவர்கள் பியர்தான் குடித்தார்கள். அந்த முதியவரின் மேசைக்கு ரியோஹா எப்படி வந்தது என்பதுதான் ஆசிரியை அம்மாவின் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனெனில் அதன் விடை ஓர் ஐரோப்பிய நீதிமன்றத்தில் இருக்கிறது. பிரிட்டன் உள்நாட்டில் காய்ச்சும் பியருக்குக் குறைவாகவும், வெளியிலிருந்து வரும் ஒயினுக்கு அதிகமாகவும் வரி விதித்து வந்தது. இது பாரபட்சம் என்று ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 1978-இல் வழக்குத் தொடுத்தது. பியரும் ஒயினும் ஒன்றுக்கு ஒன்று போட்டியா, இரண்டும் வேறு வேறு பானங்களா என்று அந்த நீதிமன்றம் இருக்கும் லக்ஸம்பர்க்கில் ஐந்து ஆண்டுகள் வாதாடினார்கள். ஒரு லிட்டருக்கு இவ்வளவு வரி என்று பார்ப்பதா, சாராயச் சத்தின் அளவுக்கு இவ்வளவு என்று பார்ப்பதா, விலையில் இவ்வளவு விழுக்காடு என்று பார்ப்பதா? எப்படிப் பார்த்தாலும் மலிவான மென்மையான ஒயின் பியருக்குப் போட்டிதான், வரி அதற்குப் பாதகமாகவே இருக்கிறது என்று 1983-இல் தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் நைஜல் லாசன், ஒயினுக்குப் பாட்டிலுக்கு 18 பென்ஸ் குறைத்து, பியருக்கு பைண்ட் என்ற குவளை அளவுக்கு 2 பென்ஸ் கூட்டினார். சாதாரண வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒயின் பாட்டில் இடம் பிடித்ததற்குப் பல்பொருள் அங்காடிகளும் வெளிநாட்டுச் சுற்றுலாவும் காரணங்கள் என்றால், இந்தத் தீர்ப்பும் ஒரு காரணம்.

1993-இல், உறுப்பு நாடுகளுக்குள் சரக்கு தடையின்றிச் செல்லும் ஒற்றைச் சந்தை வந்த பிறகு இன்னொரு வேடிக்கை தொடங்கியது. ஓசூர்க்காரர்கள் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் போய்ச் சில பாட்டில்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு வருவதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் புரியும். ஆங்கிலேயர்கள் காரை எடுத்துக்கொண்டு ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்ஸின் கலே நகருக்குப் போவார்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு 90 லிட்டர் ஒயின் வரை பொதுவாக யாரும் கேள்வி கேட்பதில்லை. டிக்கி தரையில் உரச, திரும்பி வருவார்கள். 2021 முதல் அந்த அளவு ஆளுக்கு 18 லிட்டர். வெளியேறியதால் வந்த இழப்புகளில் ஒரு சாதாரண மனிதர் லிட்டர் கணக்கில் அளந்து சொல்லக்கூடியது இது ஒன்றாகத்தான் இருக்கும்.

எங்கள் கடைக்கு வாரந்தோறும் வரும் பெரியவர் ஒருவர், நாளிதழைக் கக்கத்தில் மடித்து வைத்துக்கொண்டு, பிரஸ்ஸல்ஸ் அதிகாரிகளைக் கடுமையாக ஏசியபடியே கிளாரெட் அலமாரியின் முன் நிற்பார். பாட்டிலை வெளிச்சத்தில் சாய்த்துத் தோள்பட்டை வரை ஒயின் நிறைந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுப்பார். ஒரு நாள் துணிந்து கேட்டுவிட்டேன். "தம்பி, பிரான்ஸ் வேறு, பிரஸ்ஸல்ஸ் வேறு" என்றார். அவருக்கு ஐரோப்பாவின் மண்ணும் சமையலும் பிடிக்கும். அங்கிருந்து வரும் ஆணைதான் பிடிக்காது. ஆனால் அதே அலமாரியில் பாட்டிலின் விலை அந்த அளவுக்கு இறங்கியிருப்பதற்கு ஓர் ஆணையும் காரணம் என்பதை அவரிடம் சொல்லும் அளவுக்கு எனக்கு வேலையில் பாதுகாப்பு இல்லை.

பானத்தை வைத்து ஆளை எடைபோடும் பழக்கம் அங்கே அரசியலிலும் உண்டு. ஐரோப்பிய ஆணையத்தின் தலைவராக 1977 முதல் 1981 வரை இருந்த ராய் ஜென்கின்ஸ், வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளியின் மகன். ஆனாலும் கிளாரெட் பிரியர் என்றே கேலி செய்யப்பட்டார். வெளியேறும் தரப்பின் நைஜல் ஃபராஜோ, கையில் பியர் குவளை இல்லாமல் படத்திற்கு நிற்பதே அரிது. வெதர்ஸ்பூன் என்ற மதுவிடுதித் தொடர், 2018-இல் பிரெஞ்சு ஷாம்பெயினை நிறுத்திவிட்டு, இங்கிலாந்தின் நுரை ஒயினையும் ஆஸ்திரேலியாவின் நுரை ஒயினையும் வைத்தது. இதற்கு எதிர்த்திசையில், டெட்டிஞ்சர் என்ற ஷாம்பெயின் நிறுவனம் 2017-இல் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் திராட்சைக் கொடி நட்டது. சுண்ணாம்புப் பாறை மண் இரு கரையிலும் ஒன்று. வெப்பம் கூடிவருவதால் தெற்கு இங்கிலாந்திலும் இப்போது திராட்சை பழுக்கிறது. பிரிட்டன் கதவைச் சாத்தும் நேரத்தில் பிரெஞ்சுக்காரர் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்.


அரூர் போட்டித் தேர்வர் எழுதியது:

மன்னிக்கவும், ஒரு சிறு ஐயம். 'ஆங்கிலேயர் தொடக்கம் முதலே ஐரோப்பாவை வெறுத்தவர்கள்' என்று ஒரு வழிகாட்டி நூலில் படித்து, அப்படியே குறிப்பெடுத்து வைத்திருக்கிறேன். இது சரிதானா?


ஓசூர் வாசகர் எழுதியது:

தம்பி, அந்தக் குறிப்பை அடித்துவிடுங்கள். 1963-இலும் 1967-இலும் பிரிட்டன் கதவைத் தட்டியபோது வேண்டாம் என்றவர் பிரான்ஸின் அதிபர் டி கோல். 1973-இல் சேர்ந்தபின் 1975 ஜூன் 5-இல் நடந்த வாக்கெடுப்பில் 67 விழுக்காட்டினர் தொடர்ந்து இருக்கவே வாக்களித்தார்கள். அன்று ஐரோப்பியக் கொடிகள் பின்னிய கம்பளிச் சட்டையை அணிந்து ஆதரவு கேட்டவர், பின்னாளில் பிரதமரான மார்கரெட் தாட்சர். 1988-இல் புரூஜ் நகரில் பிரஸ்ஸல்ஸின் அதிகாரத்தை எதிர்த்துப் பேசியவரும் அவரே. ஒரே ஆளுக்குள்ளேயே இவ்வளவு மாற்றம் என்றால் ஒரு நாட்டுக்கு எப்படி ஒற்றைக் குணம் சொல்வது? இப்போது கருத்துக் கணிப்புகளில் வெளியேறியது தவறு என்போரே அதிகம்.


காவேரிப்பட்டணம் மாங்கூழ் வணிகர் எழுதியது:

பெரியவர்கள் இருவரும் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் கிரிம்ஸ்பி மீனவரைப் பார்த்து, உன் கோபத்திற்கு முகவரி தவறு என்று ஓர் அதிகாரி அறிக்கை கொடுப்பதைப் போல அது ஒலிக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எல்லா நாட்டுப் படகுகளும் எல்லார் கடலிலும் சமமாக மீன் பிடிக்கலாம் என்ற விதியை அன்றைய ஆறு உறுப்பு நாடுகளும் எப்போது முடிவு செய்தன என்று பாருங்கள். 1970 ஜூன் மாதக் கடைசியில், பிரிட்டன், அயர்லாந்து, டென்மார்க், நார்வே ஆகிய கடல் நாடுகளோடு சேர்க்கைப் பேச்சு தொடங்கும் வேளையில். பந்திக்கு வருகிறவன் கை கழுவுவதற்குள் இலையில் இருந்ததைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நார்வே மக்கள் 1972-இல் சேர மாட்டோம் என்று வாக்களித்ததற்கு மீனும் ஒரு காரணம். 1985-இல் கிரீன்லாந்து வெளியேறியதற்கும் மீன்தான் பெருங்காரணம். 1983-இல் ஒவ்வொரு மீனுக்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் பங்கு நிர்ணயித்த முறையில், ஆங்கிலக் கால்வாயின் கிழக்குப் பகுதியில் காட் மீன் ஒதுக்கீட்டில் பிரான்ஸுக்கு 84 விழுக்காடும் பிரிட்டனுக்கு 9 விழுக்காடும் போயின. தன் வீட்டு வாசலில் நின்று அதைப் பார்க்கிறவனிடம், நாட்டின் மொத்த உற்பத்தியில் நீ ஆயிரத்தில் ஒன்று என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? நம் மாவட்டத்து மாம்பழமும் நாட்டு உற்பத்தியில் ஒரு தூசுதான். ஆனால் சீசனில் தோத்தாபுரிக்குக் கூழ் ஆலை கிலோவுக்கு என்ன விலை கொடுக்கிறது என்பதில்தான் சுற்றுவட்டாரக் கல்யாணங்கள் தேதி குறிக்கப்படுகின்றன.

மாம்பழம் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2014 மே முதல் நாளிலிருந்து, நம் நாட்டு மாம்பழம், கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேம்பு ஆகியவற்றை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. முந்திய ஆண்டில் 207 சரக்குகளில் பழ ஈ முதலான பூச்சிகள் இருந்தனவாம். நாங்கள் கூழாக்கி அனுப்புகிறவர்கள், எங்களை அது தொடவில்லை. பழமாக அனுப்பும் நண்பர்களோ பெட்டிக்குள் அடுக்கிய அல்போன்சாவைத் திரும்பப் பிரித்து உள்ளூர்ச் சந்தையில் விற்றார்கள். பிரிட்டனில் உள்ள நம்மவர் கடைகளும் அடிபட்டன. பிரஸ்ஸல்ஸில் யாரோ கையெழுத்திட்டு லெஸ்டர் நகரத்துக் கடைக்காரர் நட்டப்படுவதா என்று அங்கே பெரிய கூச்சல் எழுந்தது. தடை 2015 தொடக்கத்தில் மாம்பழத்துக்கு நீங்கியது. எங்கள் வியாபாரத்தில் இருப்பவனுக்கு அந்த முதியவரின் எரிச்சல் நன்றாகவே புரியும்.


கிருஷ்ணகிரி அணைக்கரையார் எழுதியது:

வணிகர் ஐயாவின் கண்டிப்பை ஏற்றுக்கொள்கிறேன். 1970-இன் விதி நேர்மையான ஆட்டம் இல்லை; அதை முதலிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அன்றைய லண்டன் அரசு அதைத் தெரிந்தேதான் ஒப்புக்கொண்டது. மீனைக் கொடுத்தாவது உள்ளே போய்விட வேண்டும் என்று நினைத்தது. அப்போதும் பேரம் பேசத் தவறியது யார்?

தாங்கள் சொன்ன மாம்பழத் தடையையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது பிரிட்டனின் வேளாண் துறை அதை எதிர்க்கவில்லை. பழ ஈ உள்ளே வந்தால் எங்கள் கண்ணாடிக் குடில்களில் விளையும் தக்காளிக்கும் வெள்ளரிக்கும் ஆபத்து என்று தடைக்கு ஆதரவாகவே பேசியது. திட்டு முழுவதும் பிரஸ்ஸல்ஸுக்குப் போயிற்று.

மீன் பங்கிலும் அப்படித்தான். ஒன்றியம் நாட்டுக்கு இவ்வளவு என்று மட்டுமே கொடுத்து வந்தது. அதை உள்நாட்டில் யாருக்குப் பிரிப்பது என்பது முழுக்கப் பிரிட்டனின் வேலையாக இருந்தது. பிரிட்டிஷ் படகுகளில் முக்கால் பங்குக்கு மேல் 10 மீட்டர் நீளத்துக்கும் குறைவானவை. ஒதுக்கீட்டில் அவற்றுக்குக் கிடைப்பது மிகச் சிறிய துண்டு. பெரும்பங்கு சில பெரிய நிறுவனங்களிடம் சேர்ந்தது, அவற்றில் பல டச்சுக்காரர், ஸ்பானியர் கைக்கு விலைக்குப் போயின. ஸ்பானியர்கள் பிரிட்டிஷ் பெயரில் படகு பதிவதைத் தடுக்க 1988-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அது ஐரோப்பியச் சட்டத்துக்கு முரண் என்று நீதிமன்றத்தில் விழுந்தது. மீனவர் நினைவில் நின்றது அந்தத் தீர்ப்பு. அதற்கு முன் அனுமதிகளை விற்றுக் காசாக்கிய உள்ளூர் முதலாளிகளை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.


பென்னாகரம் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நீங்கள் எழுதியவற்றை அச்செடுத்து வகுப்பில் படித்துக் காட்டினேன். கேள்வி கேட்ட மாணவன், "அப்படியென்றால் அவர்கள் வெளியே வந்த பிறகு அந்தக் கடல் அவர்களுக்கே வந்துவிட்டதா?" என்று அடுத்த கேள்வியைப் போட்டான். இந்த முறை படித்து வைத்திருந்தேன். 2020 இறுதியில் செய்த உடன்பாட்டின்படி, பிரிட்டிஷ் கடலில் ஐரோப்பியப் படகுகள் பிடித்து வந்ததில் நான்கில் ஒரு பங்கு மதிப்பு மட்டும் 2026 ஜூன் வரை படிப்படியாகப் பிரிட்டனுக்கு மாறும் என்றும், 2025 மே மாதத்தில் இரு தரப்பும் மீண்டும் பேசி, ஐரோப்பியப் படகுகள் 2038 வரை தொடர்ந்து வரலாம் என்று முடிவு செய்துவிட்டன என்றும் சொன்னேன்.

தங்கை மகனிடம் இழப்பீட்டைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். பக்கத்து வீட்டு முதியவருக்கு அது கிடைத்திருக்கிறது. கடலில் இருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 1,000 பவுண்டு என்ற கணக்கில் 5,000 வந்ததாம். அதில் கூரையை மாற்றினாராம். அதைக் கொடுக்க மறுத்து வந்தது யார் என்று இவன் மெதுவாகக் கேட்டதற்கு, "அவர்களும்தான்" என்று மட்டும் சொன்னாராம். 2038 பற்றிக் கேட்டபோது விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்போது எனக்கு 84 வயதாகும்" என்றாராம். அன்றும் மேசையில் ரியோஹாதான் இருந்ததாம். நம் பையனுக்கு ஆரஞ்சுச் சாறு தனியாக வாங்கி வைத்திருந்தாராம்.